சார்த்தரா, மெர்லோ-போந்தியா? ஒருவரைத்தான் படிக்க முடியும் என்றால்

“இருத்தலியத்தில் ஒரே ஒரு தடித்த புத்தகத்துக்குத்தான் எனக்குப் பொறுமை இருக்கிறது. சார்த்தரைப் படிக்கட்டுமா, மெர்லோ-போந்தியைப் படிக்கட்டுமா?” வெவ்வேறு ஆட்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கடைசியாகக் கேட்ட நண்பர் இன்னும் சுருக்கிவிட்டார்: “யார் சொல்வது சரியோ அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள், போதும்.”

பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும்தான். ஆனால் மனிதன் வாழ்ந்துதான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்று பேசும் தத்துவம் இருத்தலியம்; அதைச் சேர்ந்த இந்த இரண்டு பிரெஞ்சுத் தத்துவவாதிகளில் யார் கைகொடுப்பார் என்பது, படிக்க வருகிறவர் எந்தச் சிக்கலைச் சுமந்துகொண்டு வருகிறார் என்பதைப் பொறுத்தது. சாக்குச் சொல்லிப் பழகியவருக்கு ஒருவர், எது நடந்தாலும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறவருக்கு இன்னொருவர். இதுதான் என் கட்சி. ஏன் அப்படி என்பதைச் சொல்ல மலையேற்றம், சாவித்துவாரம், குழந்தையின் வாய் என்று கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

## ஏன் இந்த இருவர்?

ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே இடத்தில் புறப்பட்டுப் பிரிந்தவர்களை ஒப்பிடுவதுதான் நியாயம். ழான்-பால் சார்த்தர் பிறந்தது 1905, மொரிஸ் மெர்லோ-போந்தி 1908. இருவரும் பாரிஸின் எகோல் நோர்மால் கல்லூரியில் படித்தவர்கள். ஹுஸ்ஸெர்ல், ஹைடெகர் என்ற அதே இரண்டு ஜெர்மானியத் தத்துவவாதிகளை வரிக்கு வரி கிழித்துப் படித்தவர்கள். ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்திருந்த 1941-இல் ‘சோஷலிசமும் சுதந்திரமும்’ என்ற சிறிய எதிர்ப்புக் குழுவில் ஒன்றாக இருந்தார்கள். 1945-இல் தொடங்கிய ‘லே தாம் மொதேர்ன்’ பத்திரிகையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சார்த்தரின் ‘இருத்தலும் இன்மையும்’ 1943-இல் வந்தது. மெர்லோ-போந்தியின் ‘புலனறிவின் தோற்றப்பாட்டியல்’ 1945-இல். இரண்டாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயம் முதல் புத்தகத்துக்குச் சொன்ன பதில் மாதிரியே இருக்கும்.

இருத்தலியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் நாவலாசிரியர் ஆல்பெர் காம்யுவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். தன்னை இருத்தலியவாதி என்று அழைக்காதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார். அதைவிட, பார்ப்பது, தொடுவது, நடப்பது பற்றியெல்லாம் அவர் தத்துவமாக எழுதவில்லை. சார்த்தரின் வாழ்க்கைத் துணையும் தத்துவ எழுத்தாளருமான சிமோன் தெ பொவ்வார் விஷயம் வேறு. அவரை விட்டுவிட்டு இந்தச் சண்டையைப் பேசவே முடியாது. ஆகவே மூன்றாவது நாற்காலி அவருக்கு.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு கேள்விகள் வைத்துக்கொள்கிறேன். ‘நான்’ என்று சொல்கிறோமே, அது என்ன? உலகம் எனக்கு எப்படித் தெரிகிறது, அதில் உடம்பின் பங்கு என்ன? நான் எவ்வளவு சுதந்திரமானவன்? மற்றவர்கள் எனக்கு யார்? இவற்றோடு, பொதுவாக யாரும் வெளியே சொல்லாத ஒரு கணக்கும் உண்டு. இவர் சொல்வதை ஏற்றுக்கொண்டால் நான் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்? தத்துவத்துக்கும் மறைமுகக் கட்டணம் உண்டு. புத்தகத்தின் விலைச் சீட்டில் அது இருக்காது.

## ‘நான்’ என்பது

சார்த்தர். 1930-களின் நடுவில் எழுதிய ஒரு கட்டுரையிலேயே அடித்தளத்தைப் போட்டுவிட்டார். ஓடும் டிராமைப் பிடிக்க ஓடுகிறீர்கள். அந்த நொடியில் உங்களுக்குள் ‘நான்’ என்று ஒன்று இருக்கிறதா? இல்லை என்கிறார். பிடிக்க வேண்டிய டிராம் இருக்கிறது, அதைப் பற்றிய பிரக்ஞை இருக்கிறது, அவ்வளவுதான். மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்க்கும்போதுதான் ‘நான் ஓடினேன்’ என்ற ஆள் உருவாகிறான். அந்த ஆள் பிரக்ஞைக்கு உள்ளே குடியிருப்பவன் இல்லை. மேசை நாற்காலி போல வெளியே, உலகத்தில் கிடக்கிற ஒரு பொருள்.

1943-இல் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். கல் கல்லாகவே இருக்கிறது. மனிதன் அப்படி எதுவாகவும் முழுசாக இருக்க முடியாது. பிரக்ஞை என்பது ஒரு வெற்றிடம், ஒரு விலகல். பாரிஸ் கஃபேயின் பரிமாறுபவர் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய நடை ஒரு சொட்டு கூடுதல் வேகம், குனிவு ஒரு சொட்டு கூடுதல் பணிவு. பரிமாறுபவராக இருப்பதை அவர் நடித்துக்கொண்டிருக்கிறார். மைக்கூடு மைக்கூடாக இருப்பது போலத் தானும் பரிமாறுபவராக இருந்துவிடலாம் என்று பார்க்கிறார். முடியாது. இப்படித் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதைத்தான் சார்த்தர் புத்தகம் முழுக்கத் துரத்துகிறார்.

இதில் கிடைக்கும் லாபம் பெரியது. குணம் என்பது தலையெழுத்து இல்லை என்றாகிறது. கட்டணமும் அதே அளவு. “நான் எப்பவும் இப்படித்தான்” என்ற வாக்கியத்தை அப்புறம் வாயில் வைக்க முடியாது. “உண்மையைச் சொல்கிறேன், நான் ஒரு கோழை” என்று நேர்மையாக ஒப்புக்கொண்டாலும் அவர் விடமாட்டார். கோழைத்தனத்தை ஒரு பொருளாக்கி அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறாய் என்பார்.

மெர்லோ-போந்தி. டிராம் பின்னால் ஓடும்போது ‘நான்’ இல்லை என்பது வரைக்கும் அவருக்குத் தகராறு இல்லை. ஆனால் ஓடுவது வெறும் பிரக்ஞை இல்லையே, கால்கள் அல்லவா ஓடுகின்றன என்பார். ‘நான்’ என்பது முதலில் உடம்பு. என்னிடம் ஓர் உடம்பு இருக்கிறது என்று சொன்னாலே பிசகு, நான்தான் அது. தட்டச்சு பழகியவரிடம் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் திணறுவார், விரல்களுக்குத் தெரியும். பார்வையற்றவரின் கைத்தடி பழகிய பிறகு அவர் தடியைத் தொட்டு உணர்வதில்லை, தடியின் நுனியில் தரையை உணர்கிறார். முன்பின் பழகாத ஆர்கன் என்ற இசைக்கருவியில் உட்காரும் கலைஞர் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்க்கிறார். கட்டைகளின் வரைபடத்தை மனப்பாடம் செய்ய அது போதாது, உடம்பு அந்தக் கருவிக்குள் குடியேறப் போதும்.

எனக்கு மிகப் பிடித்தது தூக்கம் பற்றி அவர் சொல்வது. தூங்க வேண்டும் என்று முடிவெடுத்துத் தூங்க முடியாது. படுத்து, கண்ணை மூடி, தூங்குகிறவரைப் போல மெல்ல மூச்சு விட்டு, அதை அழைக்கத்தான் முடியும். அது வரும்போது வரும். நம்முடைய ‘நான்’ முழுக்க நம் கைவசம் இல்லை. அதற்குக் கீழே பெயரில்லாத ஒன்று நமக்கு முன்பே உலகத்தோடு உறவு வைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கேயும் கட்டணம் உண்டு. எது நான் செய்தது, எது என் பழக்கம் செய்தது என்ற எல்லைக்கோடு கரைகிறது. சார்த்தரிடம் பொறுப்பு யார் தலையில் என்பதில் சந்தேகமே வராது. இவரிடம் வரும்.

## உலகம் எப்படித் தெரிகிறது

இந்த ஆட்டத்தில் போட்டி சமம் இல்லை. மெர்லோ-போந்தி தன் வாழ்நாளையே இதில் போட்டவர்.

சார்த்தருக்கும் இங்கே ஒரு வெற்றி உண்டு. பியேரைச் சந்திக்க நான்கு மணிக்குக் கஃபேக்குப் போக வேண்டும். கால் மணி நேரம் தாமதமாகப் போகிறேன். பியேர் இல்லை. மேசைகள், கண்ணாடிகள், புகை, பேச்சுச் சத்தம் எல்லாம் இருக்கின்றன; ஆனால் நான் பார்ப்பது அவற்றை இல்லை, பியேர் இல்லாததை. ஒரு முகத்தைத் தேடும் பார்வை கஃபே முழுவதையும் பின்னணியாகத் தள்ளிவிடுகிறது. இல்லாமை என்பது உலகத்துக்குள் வருவது மனிதனால்தான் என்று இதிலிருந்து இழுக்கிறார். யாருக்காவது காத்திருந்து ஏமாந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தை விளக்கவே வேண்டாம்.

ஆனால் கவனியுங்கள், இதில் எல்லாம் என் எதிர்பார்ப்பிலிருந்து கிளம்புகிறது. நான் தேடுவதால் கஃபே கலைந்து அமைகிறது. உலகம் தன் பங்குக்கு என்ன செய்கிறது?

மெர்லோ-போந்தி அதைத்தான் கேட்கிறார். ஓவியக் கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் பார்க்கச் சரியான ஒரு தூரம் உண்டு. அதைவிடக் கிட்டே போனாலும் தள்ளி நின்றாலும் படம் குலைகிறது. அந்தத் தூரத்தை நான் கணக்கிடவில்லை, படம் என்னைக் கேட்கிறது, உடம்பு சரிசெய்துகொள்கிறது. பார்ப்பது ஒரு கொடுக்கல் வாங்கல். செஸானின் ஓவியங்கள்மேல் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு வந்ததும் இதனால்தான். பொருள்கள் கண்முன் உருவாகிவரும் தருணத்தை செஸான் வரைந்தார் என்பது அவர் வாதம்.

அவருடைய முக்கியமான சாட்சி ஷ்னைடர் என்பவர். முதல் உலகப்போரில் குண்டுச் சிதறல் தலையின் பின்பக்கத்தைத் தாக்கியது. கெல்ப், கோல்ட்ஸ்டைன் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் அவரைப் பரிசோதித்தார்கள். கொசு கடித்தால் கை நேராக அந்த இடத்துக்குப் போகிறது. மூக்கைச் சுட்டிக் காட்டு என்றால் முடியவில்லை. மூளைக்கு இடம் தெரியும் அல்லது தெரியாது என்ற இரண்டில் எதைச் சொன்னாலும் இது விளங்காது. பிடிப்பது ஒரு வகை அறிவு, சுட்டுவது இன்னொரு வகை, முதலாவது உடம்பினுடையது. பின்னால் வந்த நரம்பியல்காரர்கள் ஷ்னைடர் பற்றிய அந்தப் பழைய அறிக்கைகளையே சந்தேகித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால அறிவியல்மேல் சாய்ந்து எழுதியதற்கு மெர்லோ-போந்தி கொடுக்கும் விலை அது. வாதம் ஷ்னைடரோடு விழுந்துவிடாது, ஆனால் ஒரு கால் ஆடும்.

எனக்கு இவர் பிடிபட்டது புத்தகத்தால் இல்லை, தோள்பட்டையால். சில வருடங்களுக்கு முன் ஃப்ரோசன் ஷோல்டர் வந்து வலது கை தோளுக்கு மேல் போகாமல் நின்றுவிட்டது. சமையலறையின் மேல் தட்டு அதே உயரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அது தூரமாகிவிட்டது. தூரம் என்று யோசித்து முடிவுக்கு வரவில்லை, பார்த்தவுடனே தூரமாகத் தெரிந்தது. பிரக்ஞை என்பது முதலில் ‘நான் சிந்திக்கிறேன்’ இல்லை, ‘என்னால் முடியும்’ என்று அவர் எழுதியதைப் பல முறை கோடிட்டிருக்கிறேன். கை திரும்ப மேலே போன அன்றைக்குத்தான் அது வெறும் வாக்கியமாக இல்லாமல் போனது.

## சுதந்திரம்: ஒரே மலை, இரண்டு ஏற்றம்

சண்டையின் மையம் இதுதான். வசதியாக இருவரும் ஒரே உதாரணத்தைப் பேசுகிறார்கள்.

சார்த்தர் சொல்கிறார்: நண்பர்களோடு நடைப்பயணம் போகிறேன். சில மணி நேரத்தில் களைப்பு ஏறுகிறது. தாக்குப்பிடிக்கிறேன். பிறகு சட்டென்று விட்டுவிடுகிறேன். மூட்டையை வழியோரம் வீசிவிட்டுப் பக்கத்திலேயே விழுகிறேன். “நீ நினைத்திருந்தால் நடந்திருக்கலாம்” என்கிறார்கள். “ரொம்பக் களைப்பு” என்கிறேன். யார் சொல்வது சரி?

அவர் விடை: அதே அளவு களைப்போடு கூட வந்தவன் நடக்கிறான். அவனுக்குக் களைப்பு பிடித்திருக்கிறது. தொட்டித் தண்ணீரில் இறங்குவது போல அதற்குள் இறங்குகிறான். வித்தியாசம் தசையில் இல்லை. களைப்பை அவன் வாழும் விதம், உடம்போடு அவன் வைத்திருக்கும் உறவு, உலகத்தை எடுத்துக்கொள்ளும் பாணி எல்லாமே வேறு. நானும் வேறு மாதிரி செய்திருக்கலாம். ஆனால் என்ன விலைக்கு? என்னையே அடியோடு மாற்றிக்கொள்ளும் விலைக்கு.

“என்ன விலைக்கு” என்ற அந்தச் சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சார்த்தர், எல்லாம் மனசு வைத்தால் முடியும் என்கிற மேடைப் பேச்சாளர் இல்லை. பாறை ஏற முடியாததாக இருப்பது, ஏற வேண்டும் என்று நான் நினைத்ததால்தான்; சும்மா காட்சி பார்க்க வந்தவனுக்கு அது அழகான பாறையா இல்லையா என்பது மட்டும்தான் விஷயம். தடைக்குத் தடை என்ற பெயரைக் கொடுப்பதே என் நோக்கம். ஆகவே தடையைக் காட்டிச் சுதந்திரத்தை மறுக்க முடியாது. மனிதன் சுதந்திரமாக இருக்கும்படி சபிக்கப்பட்டவன் என்ற புகழ்பெற்ற வரிக்கு இதுதான் பொருள்.

மெர்லோ-போந்தி இதே மலைக்குக் கீழே வந்து நிற்கிறார். ஏறப் போகிறேனோ இல்லையோ, மலை எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் அது என் உடம்பின் பிடிக்குள் அடங்காது. வோல்தேரின் கதையில் வரும் ராட்சதன் மிக்ரோமேகாவைப் பற்றி இப்போதுதான் படித்து முடித்திருந்தாலும், ஆல்ப்ஸைச் சின்னதாக்க என்னால் முடியாது. நான் எடுக்கும் முடிவுகளுக்கு அடியில், நான் எடுக்காத ஒரு மதிப்பீடு உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த அடி இன்னும் வலியது. அடிமை சங்கிலியை உடைத்தாலும் பயந்து கிடந்தாலும் ஒரே அளவு சுதந்திரம்தான் என்றால், சுதந்திரமான செயல் என்று தனியாக எதைக் காட்டுவது? எங்கும் ஒரே வெளிச்சம் என்றால் விளக்கு ஏற்றியது தெரியாது. சுதந்திரத்துக்கு ஒரு களம் வேண்டும், அதில் சில வழிகள் மற்றவற்றைவிடத் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாகப் பழக்கம். இருபது வருடம் தாழ்வு மனப்பான்மையோடு வாழ்ந்த ஒருவர் நாளைக் காலை அதை உதறிவிடலாமா? தத்துவத் தராசில் முடியும் அல்லது முடியாது என்று இரண்டு தட்டுகள்தான். மெர்லோ-போந்தி மூன்றாவதாக ஒரு சொல்லைக் கொண்டுவருகிறார்: அது நடக்க வாய்ப்புக் குறைவு. அந்த மனப்பான்மை அவரைக் கட்டிப் போடவில்லை, ஆனால் படிவு படிவாக இறங்கி அவர் உட்காரும் இடமாகவே ஆகிவிட்டது. மாறலாம், ஆனால் அங்கிருந்து கிளம்பித்தான் மாற முடியும்.

என் தீர்ப்பு: விளக்கமாக எடுத்துக்கொண்டால் மெர்லோ-போந்தி ஜெயிக்கிறார். மருந்தாக எடுத்துக்கொண்டால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. பத்து வருடமாக ஒரு வேலையைச் சபித்துக்கொண்டே அதில் இருப்பவரிடம் “படிவு” என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். அதைத் தலையணையாக்கிப் படுத்துவிடுவார். அவருக்கு வழியோரத்தில் கிடக்கும் மூட்டையைத்தான் காட்ட வேண்டும்.

இளைய சார்த்தரை முதிய சார்த்தரே விட்டுவைக்கவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் துரோகியாவதும் ஆகாமல் இருப்பதும் மனிதன் கையில்தான் என்று தான் முன்பு எழுதியதை 1969-இல் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார். இதை நான் நம்பவே செய்தேன் என்பதை நம்ப முடியவில்லை என்றார். மெர்லோ-போந்தி இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

## மற்றவர்கள்

சாவித்துவாரம் வழியே எட்டிப் பார்க்கிறேன். உள்ளே நடப்பதில் கரைந்திருக்கிறேன். பின்னால் காலடிச் சத்தம். அந்தக் கணத்தில் நான் ‘எட்டிப் பார்ப்பவன்’ ஆகிவிடுகிறேன். வெட்கம் என்னை ஒரு பொருளாக இறுக்குகிறது. சார்த்தரிடம் மற்றவர் என்றால் முதலில் அவருடைய பார்வை. ஒன்று அவர் என்னைப் பொருளாக்குவார், அல்லது நான் அவரை. மூன்று பேரை ஓர் அறையில் பூட்டி இதையே 1944-இல் நாடகமாக்கினார். அது வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் ‘மீள முடியுமா?’ என்று தமிழிலும் இருக்கிறது.

மெர்லோ-போந்தி கேட்பது எளிமையான கேள்வி. ஒரு நாய் என்னை உற்றுப் பார்த்தால் எனக்கு வெட்கம் வருவதில்லை. அந்நியர் உற்றுப் பார்த்தால் ஏன் வருகிறது? அவரோடு பேச முடியும், ஆனால் பேசவில்லை என்பதால். உறைய வைக்கும் பார்வை, முறிந்துபோன உரையாடலின் மிச்சம். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்தப் பனி உருகத் தொடங்கும். இன்னும் அடியில் போனால், பதினைந்து மாதக் குழந்தையின் விரலை விளையாட்டாகப் பல்லிடையே வைத்துக் கடிப்பது போலச் செய்தால் குழந்தையும் வாயைத் திறக்கிறது. கண்ணாடியில் தன் முகத்தையே சரியாகப் பார்த்திராத குழந்தைக்கு, என் வாய் எதற்கு என்று எப்படித் தெரியும்? என் உடம்பும் அதன் உடம்பும் ஏற்கெனவே ஒரே மொழியில் இருக்கின்றன.

மெர்லோ-போந்தியைப் பிடித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சீக்கிரமாகவே கைதட்டுகிறார்கள். கறுப்பின மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரான்ஸ் ஃபனான், பிரான்ஸின் லியோனில் மாணவராக இருந்தபோது மெர்லோ-போந்தியின் விரிவுரைகளைக் கேட்டவர். 1952-இல் அவர் எழுதிய முதல் நூலில், ரயிலில் ஒரு வெள்ளைக் குழந்தை தன்னைச் சுட்டிக்காட்டி “அம்மா, கறுப்பன், பயமாயிருக்கு” என்று அலறும் காட்சி வருகிறது. உடம்பு உலகத்தில் இயல்பாகக் குடியிருக்கிறது என்பதெல்லாம் அந்த ரயில் பெட்டியில் நொறுங்குகிறது. அங்கே மெர்லோ-போந்தியின் உடம்பும் வேண்டும், சார்த்தரின் பார்வையும் வேண்டும். அவமானத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் சாவித்துவாரத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியாது.

## மூன்றாவது நாற்காலி

1929-ஆம் ஆண்டின் தத்துவ ஆசிரியர் தேர்வில் சார்த்தர் முதலிடம், பொவ்வார் இரண்டாமிடம். சார்த்தருக்கு அது இரண்டாவது முயற்சி என்பதை பொவ்வார் ரசிகர்கள் மறக்காமல் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

1940 வாக்கில் இருவருக்கும் நடந்த வாதத்தை பொவ்வார் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எந்தச் சூழ்நிலையையும் மனிதன் தாண்ட முடியும் என்கிறாயே, அந்தப்புரத்தில் அடைபட்ட பெண் எதைத் தாண்டுவாள் என்று கேட்டார். அந்த வாழ்க்கையைக்கூட வெவ்வேறு விதமாக வாழலாம் என்றார் சார்த்தர். பொவ்வார் ஒப்புக்குத்தான் சம்மதித்தார், உள்ளுக்குள் விடவில்லை. 1947-இல் வந்த ‘ஈரடி நிலையின் அறம்’ நூலிலும், 1949-இல் இரண்டு தொகுதிகளாக வந்த ‘இரண்டாம் பாலினம்’ நூலிலும் அந்தக் கேள்விக்கு அவரே பதில் எழுதினார். எதிர்காலம் என்ற ஒன்று அடைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் அடிமை என்பதே தெரியாதபடி வளர்க்கப்பட்டவரிடம் போய், தன்னை ஏமாற்றிக்கொள்கிறாய் என்று குற்றம் சொல்ல முடியாது. யாரும் பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறார் என்ற வரி, மெர்லோ-போந்தியின் ‘படிவு’க்கு ஒரு முகவரி கொடுக்கிறது: இதைப் படியவைத்தது யார்?

மெர்லோ-போந்தி கேட்க மறந்த கேள்வி இது. அவருடைய உடம்பு நடக்கிறது, பார்க்கிறது, ஆர்கன் வாசிக்கிறது; தெருவில் தனியாக நடக்கத் தயங்கும் உடம்பு அவர் புத்தகத்தில் அதிகம் வருவதில்லை. உடம்பு ஒரு பொருள் இல்லை, ஒரு சூழ்நிலை என்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட பொவ்வார், அது யாருடைய உடம்பு என்றும் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இதே பொவ்வார் 1930-களில் மார்சேயில் ஆசிரியையாக இருந்தபோது தனியாக மலைமலையாக நடந்தவர். பார்க்க வந்த தங்கையை அந்த நடைக்கு இழுத்துப்போய், வழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்ததும், பஸ் வரும்வரை படுத்திரு என்று ஒரு விடுதியில் விட்டுவிட்டுப் பாக்கி நடையைத் தனியாக முடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். களைப்பு என்பது தேர்வுதான் என்ற பழைய சித்தாந்தத்துக்கு இதைவிடத் துல்லியமான, இதைவிடச் சங்கடமான உதாரணம் கிடைக்காது.

இன்னொன்று: 1955-இல் மெர்லோ-போந்தி சார்த்தரின் அரசியலைக் கடுமையாகத் தாக்கியபோது, பொவ்வார் நீண்ட கட்டுரை எழுதி சார்த்தர் பக்கம் நின்றார். தத்துவத்தில் அவர் எந்தப் பக்கம் நகர்ந்திருந்தார் என்பதை வைத்து இதைக் கணித்திருக்க முடியாது.

## யாருக்கு யார், எங்கே தொடங்குவது

| | சார்த்தர் | மெர்லோ-போந்தி | பொவ்வார் |
|---|---|---|---|
| முதலில் எடுக்க வேண்டியது | 1945 அக்டோபரில் பாரிஸில் நிகழ்த்திய உரை. சின்னப் புத்தகம் | 1948-இல் வானொலியில் பேசிய ஏழு உரைகள் | ‘ஈரடி நிலையின் அறம்’ |
| பெரிய நூலில் முதலில் | தன்னை ஏமாற்றிக்கொள்வது பற்றிய அத்தியாயம், பிறகு ‘பார்வை’ | முன்னுரை, பிறகு நேராகக் கடைசி அத்தியாயம் | முன்னுரையும் குழந்தைப் பருவம் பற்றிய அத்தியாயமும் |
| ஆங்கிலத்தில் | ஹேசல் பார்ன்ஸ் (1956), சாரா ரிச்மண்ட் (2018) | காலின் ஸ்மித் (1962), டொனால்ட் லாண்டெஸ் (2012) | பார்ஷ்லி (1953) நிறைய வெட்டியது. 2009-இல் வந்த முழு மொழிபெயர்ப்பே நல்லது |
| மூச்சு வாங்கும் இடம் | முன்னுரை; பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள் | பழைய உளவியல் விவாதங்கள் | நீளம் |
| ஏமாந்துபோகும் விதம் | பிறரை நியாயம் தீர்க்கத் தொடங்குவோம் | எதற்கும் பொறுப்பேற்காமல் நழுவுவோம் | புகழ்பெற்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுவோம் |

தமிழில் முதலில் பின்னணி தெரிய வேண்டும் என்றால் எஸ். வி. ராஜதுரையின் இருத்தலிய அறிமுகம் இன்றும் பயன்படும்.

முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, எடுக்காமல் இருப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? சார்த்தர். விபத்து, நோய், முதுமை, புதிய ஊர், புதிய தொழில் என்று உடம்பும் பழக்கமும் கைவிட்ட நிலையில், “எனக்கு ஏன் இதுகூட முடியவில்லை” என்று உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்களா? மெர்லோ-போந்தி. ஓவியம், நடனம், விளையாட்டு, பிசியோதெரபி என்று உடம்பை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கும் இவர்தான். உங்கள் வாழ்க்கையில் ‘என் விருப்பம்’ என்று நீங்கள் நினைப்பதில் பாதியை யாரோ வீட்டில் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் மற்ற இருவரையும் தள்ளி வைத்துவிட்டு பொவ்வாரிடம் போங்கள். நாவல், நாடகம் வழியாகத் தத்துவத்துக்கு வரப் பிடித்தவர்களுக்கு சார்த்தரும் பொவ்வாரும் உண்டு. மெர்லோ-போந்தி அந்தப் பக்கம் போகவில்லை.

யார் சரி என்று மட்டும் கேட்ட நண்பர் விஷயம் பாக்கி இருக்கிறது. சார்த்தர் அந்த 1945 உரையில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். அண்ணன் 1940 போரில் கொல்லப்பட்டுவிட்டான். அம்மாவுக்கு இவன்தான் எல்லாம். இங்கிலாந்துக்குப் போய் விடுதலைப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா என்று கேட்க வருகிறான். சார்த்தர் சொன்னது: நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு. கூடவே இன்னொன்றும் சொல்கிறார். ஆலோசனை கேட்க ஒருவன் யாரிடம் போகிறான் என்பதிலேயே, எந்த ஆலோசனை வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறான். பாதிரியாரிடம் போயிருந்தால் எந்தப் பாதிரியார் என்பதும் சேர்த்து.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “அப்போ நீங்க மெர்லோ-போந்தி ஆள்னு தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேனா?” என்றார். தோள்பட்டைக் கதையை அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். மறுநாள் அவர் எடுத்துக்கொண்டு போனது சார்த்தரின் அந்தச் சின்ன உரையை.